வக்கீல் போகட்டும், வழக்கு என்ன ஆனது?

நான்கு வாரங்களாக ஒரு தீர்ப்புக்காகக் காத்திருக்கிறேன். நான் தவறாமல் பார்த்துவரும் ஓர் அமெரிக்க நீதிமன்றத் தொடரில், கொலைக் குற்றம் சுமத்தப்பட்ட பதினேழு வயதுப் பையனுக்காக வாதாடிவந்த பெண் வழக்கறிஞர், தடயவியல் நிபுணரை மறுபடியும் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய நீதிபதியிடம் போராடி அனுமதி வாங்கினார். வெளியே வந்ததும் அந்தப் பையனின் தாயுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "திங்கட்கிழமை காலையில் நான் இங்கே நிற்பேன்" என்றார். அடுத்த எபிசோடில் அவர் இல்லை. லிஃப்டில் நின்றிருந்த இரண்டு சக வழக்கறிஞர்களில் ஒருவர், "அவளுக்கு வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்துவிட்டதாம்" என்றார். மற்றவர் "அப்படியா" என்றார். கதவு திறந்தது, இருவரும் இறங்கிப் போனார்கள். மூன்று சீசன்களாக எங்களோடு இருந்த ஒரு மனுஷியை அந்த இரண்டு வரிகளில் முடித்துவிட்டார்கள். அவருடைய மேசையில் வேறொருவரின் காபிக் கோப்பை இருந்தது. பையனைப் பற்றியும் தாயைப் பற்றியும் அன்றைக்கும் ஒரு சொல் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை.

நடிகை விலகியதில் எனக்குத் துளியும் கோபம் இல்லை. ஒப்பந்தம் முடிந்திருக்கலாம், வேறு வாய்ப்பு வந்திருக்கலாம், களைத்துப்போயிருக்கலாம்; அது அவருடைய உரிமை. என் கோபமெல்லாம் எழுத்தாளர்கள் மீதுதான். மற்ற எந்தத் தொழிலைப் பற்றிய தொடரிலும் "வேலை மாறிவிட்டார்" என்ற ஒரு வரி ஒருவேளை போதுமானதாக இருக்கலாம், ஆனால் வழக்கறிஞர் தொழிலில் விலகுவது என்பதே ஒரு சட்ட நடவடிக்கை. அமெரிக்க நீதிமன்றங்களில், வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது வழக்கறிஞர் நினைத்த நேரத்தில் எழுந்து போய்விட முடியாது. பொதுவாக அதற்கு நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும், எவ்வளவு நியாயமான காரணம் சொன்னாலும் "நீங்களே தொடர்ந்து நடத்துங்கள்" என்று நீதிபதி உத்தரவிட்டால் நடத்தித்தான் ஆக வேண்டும். அப்படியே விலக அனுமதி கிடைத்தாலும், கேஸ் கட்டைக் கட்சிக்காரரிடம் ஒப்படைக்க வேண்டும், வாங்கிய முன்பணத்தில் உழைக்காத பகுதியைத் திருப்பித் தர வேண்டும், புதிய வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ளக் கட்சிக்காரருக்கு அவகாசம் கொடுக்க வேண்டும். கட்சிக்காரர் நம்பிச் சொன்ன ரகசியங்களோ, வழக்கறிஞர் எந்த ஊருக்குப் போனாலும் கூடவே வரும். உறவு முடிந்த பிறகும் அவற்றைக் காக்கும் கடமை முடிவதில்லை.

இதில் ஒவ்வொரு விதியும் ஓர் எபிசோடுக்கான கதை என்பது இந்தத் தொடர்களை எழுதிப் பிழைக்கிறவர்களுக்குத் தெரியாதா? விலக அனுமதி கேட்டு நிற்கும் வழக்கறிஞரிடம் நீதிபதி முடியாது என்று சொல்லிவிட்டால், போக மனம் முடிவெடுத்துவிட்ட ஒருவர் போக முடியாமல் நின்று தன் கடைசி வழக்கை நடத்துவதை நாம் பார்க்கலாம். அரசுத் தரப்பில் இருந்தவர் எதிர்த்தரப்பு நிறுவனத்துக்குப் போனால், தாம் கையாண்ட வழக்கையே பொதுவாக அவர் தொட முடியாது. நேற்று வரை தாம் அடுக்கிய சாட்சியங்களில் எந்த இடத்தில் ஓட்டை இருக்கிறது என்று அவருக்கு மட்டுமே தெரியும், ஆனால் வாயைத் திறக்க முடியாது. நீதிபதியாக நியமிக்கப்பட்டுப் போகிறவர், பழைய கூட்டாளி தம் முன்னால் வந்து நிற்கும் நாளில் வழக்கிலிருந்து ஒதுங்கிக்கொள்ள வேண்டியிருக்கும். இத்தனை வாசல்களைச் சட்டமே திறந்து வைத்திருக்கும்போது, எழுத்தாளர்கள் தேடிப் போவதோ மோதிக் கொல்லும் லாரியை, மூளைக் கட்டியை, துப்பாக்கியை, அல்லது அந்தப் பாழாய்ப்போன லிஃப்டை.

லிஃப்ட் என்றதும் 1991ஆம் ஆண்டின் எல்.ஏ. லா தொடரைச் சொல்லாமல் இருக்க முடியாது. ரோசலிண்ட் ஷேஸ் என்ற அந்த மூத்த பெண் வழக்கறிஞர், தம்மை வெளியேற்றிய நிறுவனத்தின் மீது, பெண் என்பதால் தமக்கு ஓரவஞ்சனை நடந்தது என்று வழக்குத் தொடுத்து வென்றவர். அதைவிட ஒரு நல்ல வெளியேற்றத்தை யாரால் எழுத முடியும்? ஜூரி தீர்ப்புச் சொன்ன நாளிலேயே அவர் தலை நிமிர்ந்து நடந்து போயிருக்கலாம். அதை விட்டுவிட்டு, அவரைத் திரும்பக் கொண்டுவந்து, பேசிக்கொண்டே திறந்த கதவுக்குள் காலடி வைக்கச் செய்து, அங்கே லிஃப்ட் இல்லாத வெற்றுக் குழியில் விழுந்து சாகச் செய்தார்கள். அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியின் மறக்க முடியாத அதிர்ச்சிகளில் ஒன்றாக இன்றைக்கும் புகழ்கிறார்கள். அதிர்ச்சிதான், மறுக்கவில்லை. ஆனால் நிறுவனத்தையே நீதிமன்றத்துக்கு இழுத்து வென்ற ஒருத்திக்கு, அவள் வென்ற வழக்கோடும் அவள் சேர்த்த பகையோடும் தொடர்பே இல்லாத ஒரு பழுதான இயந்திரத்தை முடிவாகக் கொடுத்தது அவளுக்குச் செய்த அநியாயம் என்றுதான் நான் சொல்வேன்.

2005இல் லா அண்ட் ஆர்டர் செய்தது அதைவிடக் கொடுமை. உதவி அரசு வழக்கறிஞர் செரீனா சதர்லினை அவருடைய மேலதிகாரி அழைத்து, வழக்கு நடத்துவதில் உணர்ச்சிவசப்படுகிறாய், அரசுத் தரப்பு உனக்குச் சரிவராது என்று சொல்லிப் பணிநீக்கம் செய்கிறார். அதுவரை சரி, அந்தக் காரணத்துக்கு முந்தைய எபிசோடுகளிலேயே விதை இருந்தது. அவரோ, "நான் லெஸ்பியன் என்பதாலா?" என்று கேட்கிறார். மேலதிகாரி திகைத்துப்போய் இல்லை என்கிறார், எபிசோடு முடிகிறது. 2001இலிருந்து அவரைப் பார்த்துவந்த நமக்கு அந்த விஷயம் ஒருமுறைகூடச் சொல்லப்பட்டதில்லை. ஒரு மனுஷியின் வாழ்க்கையில் அவ்வளவு முக்கியமான ஒன்றை, அவளை அனுப்பும் கடைசி நிமிடத்துக்கு ஒரு பட்டாசாகப் பயன்படுத்திக்கொண்டு, அதன் புகைகூட அடங்குவதற்குள் திரையை இருட்டாக்கினார்கள். இத்தனை ஆண்டுகள் கழித்து நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அதே தொடருக்கு எழுதத் தெரியாமல் இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். 1994இல் அரசு வழக்கறிஞர் பென் ஸ்டோன் விலகியதைப் பாருங்கள். ரஷ்யக் குற்றக் கும்பலுக்கு எதிராகச் சாட்சி சொல்லப் பயந்த ஒரு பெண்ணை அவர் வற்புறுத்திக் கூண்டில் ஏற்றுகிறார். சாட்சி சொன்ன அந்தப் பெண் கொல்லப்படுகிறாள். ஸ்டோன் பதவியை விட்டுப் போகிறார். விபத்து இல்லை, வேறு ஊர் வேலை இல்லை. தாம் கொடுத்த வாக்கைத் தம்மால் காப்பாற்ற முடியவில்லை என்ற ஒரே காரணத்துக்காக, அந்த வாக்கைக் கொடுக்கும் அதிகாரத்தையே அவர் கீழே வைத்துவிட்டுப் போகிறார். அவர் நடத்திய வழக்குதான் அவரை வெளியே அனுப்பியது. அது அவ்வளவு உறுதியான வெளியேற்றமாக இருந்ததால்தான், 24 ஆண்டுகள் கழித்து, 2018இல், லா அண்ட் ஆர்டர் வரிசையின் இன்னொரு தொடரில் அவருடைய இறுதிச் சடங்கைக் காட்டி, ஒரு மகனையும் கொண்டுவந்து நிறுத்த முடிந்தது. 2024இல் தலைமை அரசு வழக்கறிஞர் ஜாக் மெக்காய் விடைபெற்றதும் இதே வழியில்தான். மேயரின் நெருக்குதலுக்குப் பணியாமல் ஒரு வழக்கைத் தாமே நீதிமன்றத்தில் நின்று நடத்தி முடித்துவிட்டு, தமக்குப் பின் நேர்மையான ஒருவர் அந்த நாற்காலியில் அமர்த்தப்பட வேண்டும் என்பதற்காக ராஜினாமா செய்தார். முப்பது ஆண்டுக்காலத்துக்கு அது பொருத்தமான விடை.

சாவே கூடாது என்று நான் சொல்லவில்லை. த குட் வைஃப் தொடரில் வில் கார்ட்னர் 2014 மார்ச்சில் செத்தபோது நான் இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. இருந்தும் அந்தச் சாவின் மீது எனக்குப் புகார் கிடையாது. அவரைச் சுட்டது யாரோ வழிப்போக்கன் அல்ல, அவர் வாதாடிக் காப்பாற்ற முயன்றுகொண்டிருந்த கட்சிக்காரன். சிறையில் சிதைந்துபோய், நீதிமன்றத்திலேயே காவலரின் துப்பாக்கியைப் பறித்த ஓர் இளைஞன். சாவு வழக்குக்குள்ளிருந்து வந்தது. அதைவிட முக்கியம், அதற்கு அடுத்த வாரம் வந்தது. வில் இறப்பதற்குச் சற்று முன், தொடரின் நாயகியும் வழக்கறிஞருமான அலிசியாவின் தொலைபேசியில் ஒரு குரல் செய்தி விட்டிருக்கிறார்: அவள் பெயரைச் சொல்லி ஏதோ தொடங்குகிறார், நீதிபதி குறுக்கிடுகிறார், பிறகு அழைக்கிறேன் என்று வைத்துவிடுகிறார். அந்தச் சில நொடிகளை வைத்துக்கொண்டு அடுத்த எபிசோடு முழுவதும் அலிசியா ஒவ்வொருவராகத் தேடிப் போய், அவர் என்ன சொல்ல வந்தார் என்று விசாரிக்கிறாள், சாட்சிகளை விசாரிப்பது போலவே. பதில் கிடைக்கவில்லை. ஒரு வழக்கறிஞர் துக்கம் காக்கும் விதம் அப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அவளுக்குத் தெரிந்த வழி விசாரணை ஒன்றுதானே.

விபத்தில் கொன்றாலும் கடனைத் தீர்க்க முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. லா அண்ட் ஆர்டரில் 1996இல், மெக்காயின் உதவி வழக்கறிஞராக இருந்த கிளேர் கின்கெய்டின் கார் மீது குடிபோதையில் வந்த ஒருவன் மோதினான். அதோடு அவரை மறந்திருந்தால் அதுவும் இன்னொரு லாரிக் கதையாகவே போயிருக்கும். ஆனால் 1998இல், குடித்துவிட்டுக் காரோட்டிக் கொன்ற ஒருவன் மீதான வழக்கில், மெக்காய் தம் எல்லையையே மீறி, எதிர்த்தரப்புக்கு உதவக்கூடிய சாட்சியத்தை மறைக்கும் அளவுக்கு வெறிகொண்டு போவதை எழுதினார்கள். போனவருடைய வெற்றிடம் ஒரு நல்ல வழக்கறிஞரின் நேர்மையையே அரிக்கிறது. போனவரை மதிப்பது என்றால் இது.

"நடிகர் திடீரென்று போய்விட்டார், எழுத நேரமில்லை" என்ற சாக்கு எனக்குத் தெரியும். பல சமயம் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நடிகர் இல்லாமலே எழுதக்கூடிய காட்சிகள்தானே நான் கேட்பவை? நீதிபதி மேசைக்கு ஒரு மனு வரட்டும். "குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞர் விலக அனுமதி கோருகிறார்" என்று அவர் படிக்கட்டும். கேஸ் கட்டைக் கையில் வாங்கும் ஜூனியர், ஓரங்களில் விலகியவர் பென்சிலால் எழுதி வைத்த குறிப்புகளைப் படித்து, இந்தக் கேள்வியை எந்த இடத்தில் கேட்க நினைத்தார் என்று புரியாமல் இரவெல்லாம் உட்கார்ந்திருக்கட்டும். நிபுணர் கூண்டில் ஏறும்போது அந்த ஜூனியர் தடுமாறட்டும், ஒரு கேள்வியில் மட்டும் அவருடைய சீனியரின் குரல் கேட்கட்டும். இதற்கு விலகிய நடிகையின் ஒரு நாள் கால்ஷீட்கூட வேண்டாம். ஒரு மனுவும், ஒரு கட்டும், பென்சில் எழுத்தும் போதும்.

என் தொடரிலோ நான்கு எபிசோடுகள் கடந்துவிட்டன. ஒரு நிறுவன இணைப்பு, ஒரு விவாகரத்து, கூட்டாளிகளுக்கிடையே ஒரு காதல் எல்லாம் வந்துவிட்டன. அந்தத் திங்கட்கிழமை காலையில் நீதிமன்ற வராந்தாவில் அந்தத் தாய் யாரைத் தேடினாள், அவளிடம் யார் போய்ச் சொன்னார்கள், நிபுணரை யார் குறுக்கு விசாரணை செய்தார்கள், பையன் வெளியே வந்தானா உள்ளே போனானா என்று எனக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.