சலிப்பூட்டும் படங்களை எடுத்து வையுங்கள்

ஒரு பழைய தெருவை இடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் கேமராவோடு கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிப் படங்களோடுதான் திரும்புகிறார்கள். உரிந்த சுவர், துருப்பிடித்த பூட்டு, ஜன்னல் கம்பிக்குப் பின்னால் ஒரு முதியவரின் முகம். கறுப்பு வெள்ளையாக்கி, பின்னணியை மங்கலாக்கிப் போட்டால் லைக் குவியும். அது எந்தத் தெரு என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

எனக்கு இதில் கொஞ்சம் கோபமே உண்டு. இடிபடப்போகும் இடத்துக்கு வேண்டியவை சலிப்பூட்டும் படங்கள். தெருமுனையில் நின்று, போனை நேராகப் பிடித்து, இரண்டு பக்கக் கட்டடங்களும் தெரிய ஒன்று. அங்கேயே திரும்பி நின்று எதிர்த்திசையில் ஒன்று. அப்புறம் பின்சந்து, மாடிப்படி, மீட்டர் பெட்டி, கடைப் பலகை, ஆட்கள் உட்கார்ந்து பேசும் திண்டு. பழைய கோபுரத்தையும் மணிக்கூண்டையும் விடுங்கள், அவற்றை எடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

இது புதிய யோசனை இல்லை. 19ஆம் நூற்றாண்டில் பாரிஸின் பழைய தெருக்களை இடித்து ஓஸ்மான் என்ற அரசு அதிகாரி அகலச் சாலைகள் போட்டபோது, அந்தத் தெருக்களைப் படமெடுக்கும் வேலையை நகர நிர்வாகமே சார்ல் மார்வில் என்பவரிடம் கொடுத்தது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 1868இல் தாமஸ் அன்னன் என்ற புகைப்படக்காரர் நெரிசலான சந்துகளைப் படமெடுக்கத் தொடங்கியதும், அவற்றை அகற்றும் பொறுப்பில் இருந்த அமைப்புக்காகத்தான். இடிக்கிறவர்களே ஆவணமும் எடுத்தார்கள்! படங்கள் அபாரம். ஆனால் அந்தக் காலத்துக் கேமராவுக்கு நீண்ட நேரம் ஒளி வேண்டும், அசைந்தவர்கள் எல்லாம் புகைபோல் கலைந்துவிட்டார்கள். அசையாமல் நின்றவர்களும் யாரென்று நமக்குத் தெரிவதில்லை.

ஊர்க்காரரால் செய்ய முடிந்தது, கூலிக்கு வந்தவரால் முடியாதது இங்கேதான் இருக்கிறது. அந்தப் படியில் யார் உட்கார்வார், மூடிக்கிடக்கும் அந்த ஷட்டருக்குள் முன்பு என்ன தொழில் நடந்தது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். எழுதி வையுங்கள். தேதி, தெருப்பெயர், கதவு எண், எந்தத் திசை பார்த்து எடுத்தது என்று இரண்டு வரி போதும். குறிப்பில்லாத படம் பத்து வருடத்தில் எடுத்தவருக்கே புரியாது.

வீட்டுக்குள் எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள். தன் வீட்டின் வறுமை ஊர் முழுக்கச் சுற்றுவதை ஒருவர் விரும்பாவிட்டால், சரி, அந்தப் படம் வேண்டாம். ட்ரோனை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மேலிருந்து பார்க்கும் பார்வை திட்டம் போடுகிறவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

நோட்டீஸ் ஒட்டும்வரை காத்திருக்காதீர்கள். அதற்குள் பாதிப் பேர் காலி செய்திருப்பார்கள், வெறும் கட்டடம்தான் கிடைக்கும். இன்னொன்று, வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், அதனுள் பதிவான தேதியும் இடமும் போய்விடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள். மூலக் கோப்புகளை இரண்டு இடத்தில் வைத்துவிட்டு, ஒரு பிரதியை அக்கம்பக்கத்தில் யாரிடமாவது கொடுங்கள். அவர்கள் பார்த்ததுமே நீங்கள் எழுதிய குறிப்பில் நாலு தப்பு கண்டுபிடிப்பார்கள்.