அரசாங்கம் மனம் மாறும்போது வாசலில் நிற்பது நாங்கள்

போன கிழமை லண்டன் ஈஸ்ட்ஹாமில் ஒரு அம்மாவின் வீட்டுக்குப் பொயிலர் (காஸில் தண்ணீரைச் சூடாக்கி வீட்டைச் சூடாக வைக்கும் மெஷின்) சேர்விஸ் செய்யப் போனேன். எண்பத்திரண்டு வயது, தனியாக இருக்கிறார். கதவைத் திறந்தார், வெளியில் இருந்த அதே குளிர்தான் உள்ளேயும் இருந்தது. இரண்டு சுவெற்றர், அதற்கு மேல் மகனின் பழைய ஜாக்கெட், காலில் இரண்டு சோடிக் காலுறை. "சப்பாத்தைக் கழட்டாதேங்கோ தம்பி, நிலம் குளிர்" என்றார். சப்பாத்தோடு உள்ளே வா என்று எங்கள் அம்மாமார் ஒருநாளும் சொல்ல மாட்டார்கள். அவரைச் சொல்ல வைத்த குளிர் அது.

அந்தச் சுடுதண்ணீர் ஓடி அறைகளைச் சூடாக்கும் ரேடியேற்றர்களை ஒவ்வொன்றாக மூடி வைத்திருக்கிறார். படுக்கிற அறையில் மட்டும் ஒன்று திறந்திருக்கிறது. அதன் வால்வில் வெள்ளை நூலைச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டிருந்தார். அந்த முடிச்சைத் தாண்டித் திருப்பக்கூடாதாம். குசினியில் பொயிலரின் முகப்பில், சரஸ்வதி பூசைக்கு வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து வெடித்திருந்தது.

பொயிலரின் பட்டனை அமத்திப் பார்த்தேன். ரேடியேற்றருக்குப் போகும் தண்ணீரின் சூடு 80 பாகை செல்சியஸ். பொருத்தியவர் விட்டுப்போனபடியே வருடக்கணக்காக இருந்திருக்கிறது. இப்போதுள்ள கண்டென்சிங் பொயிலர், புகையோடு போகும் சூட்டையும் பிடித்துத் திரும்பத் தருவதற்காகச் செய்யப்பட்டது. ஆனால் வீட்டைச் சுற்றிவிட்டுத் திரும்பி வரும் தண்ணீர் ஏறக்குறைய 55 பாகைக்குக் கீழே இருந்தால்தான் அது நடக்கும். 80 இல் வைத்தால் அந்தச் சூடு புகையோடு வெளியே போய்விடும், காசும் அதோடு போகும். 60 இற்குக் குறைத்துவிட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. (இது தொட்டி இல்லாத கொம்பி பொயிலர் உள்ள வீடுகளுக்கு மட்டும். சுடுதண்ணீர்த் தொட்டி இருக்கும் வீட்டில் நீங்களாகக் கை வைக்காதீர்கள். தொட்டித் தண்ணீர் போதிய சூட்டில் இல்லாவிட்டால் கிருமி வளரும்.)

இந்த ஒரு நிமிட வேலையைப் பற்றிச் சனத்துக்குச் சொல்ல அரசாங்கத்துக்கு ஒரு சந்தர்ப்பம் இருந்தது. 2022 ஒக்டோபரில் எரிசக்தியை மிச்சம் பிடிக்கும் வழிகளைச் சொல்ல 15 மில்லியன் பவுண் செலவில் ஒரு விளம்பரத் திட்டம் தயாராக இருந்தது. லிஸ் ட்ரஸ்சின் பிரதமர் அலுவலகம் அதை நிறுத்திவிட்டது. எப்படி வாழ வேண்டும் என்று மக்களுக்குச் சொல்வது தங்கள் வேலை இல்லை என்றார்கள். பிரதமர் மாறி, அந்த டிசெம்பரில்தான் 60 பாகைக்குக் குறையுங்கள் என்ற அறிவுரை வந்தது. அந்த அம்மாவின் வீட்டுக்கு அது வந்து சேரவே இல்லை. வந்திருந்தாலும் ஆங்கிலத்தில்தான் வந்திருக்கும்.

"அம்மா, இந்த வருஷம் குளிர்காலக் காசு வந்ததோ?" என்று கேட்டேன். வந்ததாம், 300 பவுண். சாமித்தட்டுக்குக் கீழே ஒரு கடித உறைக்குள் அப்படியே வைத்திருக்கிறார். "திருப்பிக் கேட்டால் குடுக்க வேணுமே தம்பி" என்றார்.

எனக்கு அழுகைதான் வந்தது. முதியவர்கள் வீட்டைச் சூடாக வைக்க 1997 இல் அப்போதைய நிதியமைச்சர் கோர்டன் பிரவுன் கொண்டு வந்த கொடுப்பனவு அது. 2024 ஜூலையில் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ், வருமானம் குறைந்த முதியவர்களுக்கான பென்ஷன் கிரெடிட் போன்ற உதவி எடுப்பவர்களுக்கு மட்டும்தான் இனி என்று அறிவித்தார். ஏறக்குறைய ஒரு கோடி முதியவர்கள் வெளியே போனார்கள். இந்த அம்மா, கணவரின் சிறிய பென்ஷனால் எல்லைக்கோட்டைக் கொஞ்சம் தாண்டியவர். அவருக்கும் இல்லாமல் போனது. அடுத்த ஜூனில் அரசாங்கம் பின்வாங்கி, வருட வருமானம் 35,000 பவுண்வரை உள்ளவர்களுக்கு உண்டு, அதற்கு மேலே என்றால் வரியில் திருப்பி எடுப்போம் என்றது. இந்த அம்மாவின் வருமானம் அந்தத் தொகைக்குக் கிட்டவும் வராது. அவர் காதில் விழுந்தது "திருப்பி எடுப்போம்" என்ற சொல் மட்டும்தான். காசு கையில் இருக்கிறது, வீடு குளிர்ந்துபோய் இருக்கிறது.

இதைத்தான் சொல்ல வந்தேன். ஒரு அரசாங்கம் ஒன்றைச் சொல்லி, பிறகு மாற்றி, பிறகு அதையும் மாற்றும்போது சனத்தின் நம்பிக்கை கெட்டுப்போகிறது. கெட்ட நம்பிக்கையைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்க முடியாது. அந்த நம்பிக்கைக்காக வாசலில் நின்று பதில் சொல்ல வேண்டியவர்கள் எங்களைப் போன்ற தொழில்காரர்கள்.

காலை ஏழு மணிக்கு பிளம்பிங் சாமான் கடையின் கவுண்டரில் நின்று பாருங்கள். காகிதக் கப்பில் தேத்தண்ணியோடு பத்துப் பேர் நிற்பார்கள். ஆங்கிலேயர், போலந்துக்காரர், பஞ்சாபி, நான். ஹீட் பம்ப் (பொயிலருக்குப் பதிலாக, வெளியில் உள்ள சூட்டை மின்சாரத்தால் இழுத்து வீட்டுக்குத் தரும் மெஷின்) என்ற சொல்லை எடுத்தால் போதும். "சுத்து" என்பார் ஒருவர். "எல்லாம் அமைச்சர்மாரின் விளையாட்டு" என்பார் இன்னொருவர். அரைவாசிப் பேர் இப்போது ரிஃபோர்ம் கட்சிக்குத்தான் வாக்கு என்கிறார்கள், நெட் ஸீரோ என்ற காபன் குறைப்பு இலக்கையே தூக்கி எறிவோம் என்று அவர்கள் சொல்வதால். செய்தித்தாள்கள் இவர்களைப் படிப்பறிவில்லாதவர்கள், மாற்றத்தை வெறுப்பவர்கள் என்று எழுதுகின்றன. அது அநியாயம். காஸ் வேலை செய்வதற்கான காஸ் சேஃப் அட்டையைத் தக்க வைக்க ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பரீட்சை எழுதுகிற மனிதர்கள் இவர்கள். புதிதாகப் படிக்கப் பயந்தவர்கள் இல்லை. படித்துவிட்டு ஏமாந்தவர்கள்.

அங்கே எனக்கு நெருக்கமான ஒருவர் இருக்கிறார். அறுபதைத் தொட்ட ஆங்கிலேயர், தொழிலில் நான் அண்ணன் என்று மதிக்கிற மனிதர். 2013 இல், வீட்டில் எரிசக்தியை மிச்சம் பிடிக்கும் வேலைகளுக்குக் கடன் தரும் கிரீன் டீல் என்று ஒன்று வந்தபோது அதற்காகக் காசு கட்டிப் பயிற்சி எடுத்தார். 2015 ஜூலையில் அரசாங்கம் அதற்குக் காசை நிறுத்தியது. 2020 இல் கிரீன் ஹோம்ஸ் கிராண்ட் வந்தது. திரும்பவும் நம்பினார். நானும் நம்பினேன்.

அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தக் காயம் எனக்கு இன்னும் ஆறவில்லை. கொவிட் காலம். ரிஷி சுனக் நிதியமைச்சர். வீட்டைக் குளிரில் இருந்து காக்கும் வேலைகளுக்குச் செலவில் மூன்றில் இரண்டு பங்கை, 5,000 பவுண்வரை அரசாங்கம் தரும். வருமானம் குறைந்தவர்களுக்கு 10,000 வரை முழுவதும் தரும். ஆறு லட்சம் வீடுகள் இலக்கு. செப்டெம்பர் கடைசியில் தொடங்கியது. நவம்பரில், இன்னும் ஒரு வருடம் நீட்டி 2022 மார்ச் வரை என்றார்கள். அந்த வார்த்தையை நம்பி நான் சாமான் வாங்கினேன், மருமகன் முறையான ஒரு பொடியனை வேலை பழக்கக் கூட்டிக்கொண்டேன். பத்தொன்பது வயது, கை சுத்தமான பிள்ளை. செப்புக் குழாயை வளைத்தால் ஒரு நெளிவு இருக்காது. சான்றிதழ் வைத்திருந்த ஒரு நிறுவனத்துக்குக் கீழே மூன்று வீடுகள் செய்தோம். அரசாங்கம் காசு தருவதற்கான வவுச்சர் வரவில்லை, வந்ததற்குக் காசு வரவில்லை. வீட்டுக்காரர் எனக்கு ஃபோன் எடுப்பார், நான் நிறுவனத்துக்கு எடுப்பேன், நிறுவனம் இன்னொரு இடத்தைக் கைகாட்டும். பிறகு 2021 மார்ச் 27, ஒரு சனிக்கிழமை, 31 ஆம் திகதியோடு புதிய விண்ணப்பம் இல்லை என்று அறிவித்தார்கள். நாலு நாள்.

தேசியக் கணக்காய்வு அலுவலகம் பிறகு கணக்குப் பார்த்தது. ஆறு லட்சம் வீடு என்றது ஏறக்குறைய 47,500 வீட்டில் முடிகிறது. 1.5 பில்லியன் பவுணில் செலவாவது 314 மில்லியன், அதில் 50 மில்லியன் நிர்வாகத்துக்கு மட்டும். வீடொன்றுக்கு ஆயிரம் பவுணுக்கு மேல் கடதாசி வேலைக்கே போயிருக்கிறது. என் காசு எட்டு மாதம் கழித்து வந்தது. பொடியன் அதுவரை நிற்க முடியாமல் போய்விட்டான். இப்போது பார்சல் வான் ஓட்டுகிறான். கோயிலில் கண்டால் "மாமா" என்று சிரிப்பான். எனக்கு அவன் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும்.

அப்புறம் நடந்ததும் அதே கதைதான். 2022 மேயில் ஹீட் பம்புக்கு 5,000 பவுண் மானியம். 2028 இல் வருடத்துக்கு ஆறு லட்சம் ஹீட் பம்ப் என்பது பொரிஸ் ஜோன்சன் காலத்து இலக்கு. 2023 செப்டெம்பர் 20 இல் சுனக் ஒரே பேச்சில் மானியத்தைக் கூட்டப் போவதாகவும் சொன்னார், ஐந்தில் ஒரு வீட்டுக்கு, வர இருந்த காஸ் பொயிலர் தடை பொருந்தாது என்றும் சொன்னார், வாடகை வீடுகளின் எரிசக்தித் தரத்தை உயர்த்த வீட்டுச் சொந்தக்காரர்களைக் கட்டாயப்படுத்த மாட்டோம் என்றும் சொன்னார். மானியம் 7,500 ஆனது. அடுத்த நாள் கவுண்டரில் ஒரே கேள்விதான்: "இவர்களுக்கு வேண்டுமா, வேண்டாமா?" வாடகை வீட்டுத் தரத்தை லேபர் கட்சி திரும்பவும் எடுத்து 2030 என்கிறது. பூஞ்சணம் பிடித்த அறைகளில் பிள்ளைகளோடு இருக்கிற எங்கள் குடும்பங்கள் அதுவரை காத்திருக்க வேண்டும்.

ஹீட் பம்ப் பொய் இல்லை. இதை என் தொழில் நண்பர்களிடமும் சொல்கிறேன். ஒரு அலகு மின்சாரத்துக்கு மூன்று அலகு சூடு தரும்; நன்றாகப் பொருத்தினால் நாலுக்குக் கிட்டவும் தரும். நோர்வே, சுவீடன் குளிரில் அது ஓடுகிறது. இங்கே பிரச்சினை விலை. 2025 கடைசி மூன்று மாதத்துக்கான விலை உச்சவரம்பில் மின்சாரம் அலகு ஏறக்குறைய 26 பென்ஸ், காஸ் 6 பென்ஸ். நல்ல பொயிலரில் ஒரு அலகு சூடு 7 பென்சுக்குள் முடியும். மூன்று மடங்கு தரும் ஹீட் பம்பில் அதுவே கிட்டத்தட்ட 9 பென்ஸ். பத்தாயிரம் பவுண் பெறுமதியான மெஷினைப் பொருத்திவிட்டு, பில் கூடும் என்று ஒரு வீட்டுக்காரரிடம் நான் எப்படிச் சொல்வது? வருடக்கணக்காகப் பசுமை வரிகளில் பெரும்பங்கைக் காஸ் பில்லில் போடாமல் மின்சாரத்தின் தலையில் கட்டி வைத்தது அரசாங்கங்கள்தான். 2026 ஏப்ரல் முதல் அதில் ஒரு பகுதியைப் பில்லில் இருந்து எடுப்பதாக 2025 நவம்பர் பட்ஜெட்டில் சொன்னார்கள். நல்லது. ஆனால் மூன்று வருடத்துக்கு மட்டும். அதுவும் என்னைப் பயப்படுத்துகிறது.

எங்கள் பக்கமும் பிழை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். அரசாங்கத் திட்டங்களின் கீழ் வெளிச்சுவரில் குளிர் புகாத காப்புப் போட்ட வீடுகளைப் பற்றிக் கணக்காய்வு அலுவலகம் 2025 ஒக்டோபரில் எழுதியது: 98 சதவீதத்தில் பெரிய குறைகள், திருத்தியே ஆக வேண்டும். ஈரம் சுவருக்குள் இறங்குகிறது, பூஞ்சணம் வருகிறது. திட்டம் எப்போது நிற்குமோ என்ற அவசரத்தில், வேலை ஒருவரிடம் இருந்து ஒருவருக்குக் கைமாறி, கடைசியில் பழகாத கைகளில் விழுந்தது. செய்தவர் கையில் சட்டி, மட்டக்கோல், கரண்டி இருந்தது, தொழில் இருக்கவில்லை. "இலவசம்" என்ற நோட்டீசோடு எங்கள் ஆட்களின் கதவுகளையும் தட்டினார்கள். அப்படிச் செய்த தொழில்காரனுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

ஆனால் இந்த நாட்டுக்கு இது முடியாத காரியம் இல்லை. 1967 முதல் 1977 வரை, நிலக்கரியில் இருந்து எடுத்த காஸை விட்டு வடகடல் காஸுக்கு நாடு முழுவதும் மாறியது. தெருத் தெருவாக, வீடு வீடாகப் போய் ஒவ்வொரு அடுப்பையும் ஹீட்டரையும் மாற்றினார்கள். அந்தப் பத்து வருடத்தில் ஆட்சி லேபரில் இருந்து கன்சர்வேட்டிவுக்குப் போய், திரும்ப லேபருக்கு வந்தது. வேலை நிற்கவில்லை. 2005 இல் கண்டென்சிங் பொயிலரைக் கட்டாயமாக்கியபோதும் இதே கவுண்டரில் ஏச்சுத்தான். 2010 டிசெம்பர் குளிரில் பொயிலரின் கழிவுத் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து பொயிலர்கள் நின்றபோது ஏச்சு இரண்டு மடங்கானது. ஆனால் விதி மாறவில்லை. நாங்கள் குழாயைப் பெரிதாக்கி, காப்புப் போட்டு, வேலையைக் கற்றுக்கொண்டோம். இன்று அதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

ஒரு திகதியைச் சொல்லுங்கள், இரண்டு பெரிய கட்சிகளும் சேர்ந்து கையெழுத்து வையுங்கள், பிறகு தொடாதீர்கள். மானியத்தைக் கொஞ்சம் குறைத்தாலும் பரவாயில்லை, பத்து வருடத்துக்கு நில்லுங்கள். தனி ஆளாக ஒரு வானோடு ஓடுகிறவன் சான்றிதழ் எடுக்கும் வழியை இலகுவாக்குங்கள். ஹீட் பம்ப் பயிற்சிக்கு 500 பவுண் தந்தீர்கள், சரி. அந்தக் கிழமை முழுக்க எனக்கு வருமானம் இல்லையே, அதை யார் தருவார்? இவை பெரிய வேண்டுகோள்கள் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

அம்மாவின் வீட்டில் நூல் முடிச்சை அவிழ்க்கச் சொல்லி வற்புறுத்தவில்லை. இன்னும் ஒரு ரேடியேற்றரை, சாமித்தட்டுப் பக்கம் இருந்ததை, அவரைக் கொண்டே திறக்க வைத்தேன். அந்தக் காசு உங்களுடையது அம்மா, ஒருவரும் கேட்க மாட்டார்கள் என்று மூன்று தரம் சொன்னேன். தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை. இந்த ஞாயிறு ஒருமுறை போய்ப் பார்ப்பேன்.

ஹீட் பம்ப் பயிற்சிக்கு நான் பதிந்துவிட்டேன், பெப்ரவரியில். கவுண்டரில் அந்த ஆங்கிலேய அண்ணனிடமும், உங்கள் பெயரையும் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். கப்பைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிலத்தையே பார்த்தார். இன்னும் பதில் சொல்லவில்லை.