கண்ணாடிச் சில்லு எங்கிருந்து வந்தது?
நாவலைப் படமாக்கும்போது பக்கங்களை வெட்டியதால்தான் ரசிகர்கள் கொதிக்கிறார்கள் என்று இந்தக் கட்டுரை சொல்வது பாதிதான் சரி. வெட்டிய பகுதியை நம்பித் தொங்கிக்கொண்டிருந்த பிற்பாதிக் கதையை என்ன செய்தார்கள் என்பதுதான் கேள்வி. ஹாரி பாட்டர் 5ஆம் நாவலில் ஹாரியின் ஞானத்தந்தை சிரியஸ் அவனுக்கு ஒரு கண்ணாடி கொடுப்பார். அதில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசலாம். 2007இல் வந்த படத்தில் அது கிடையாது. ஆனால் 2010 படத்தில் ஹாரி கையில் அதன் உடைந்த சில்லு திடீரென்று முளைக்கிறது, அதற்குள் ஒரு நீலக் கண் வேறு! நாவல் படிக்காதவர் பக்கத்து சீட்டுக்காரரைத்தான் கேட்க வேண்டும். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' முதல் படத்தில் (2001) டாம் பாம்படில் என்ற கதாபாத்திரத்தையே மொத்தமாகத் தூக்கிவிட்டார்கள். நாவலில் அந்தப் பகுதியை ஒட்டித்தான் கல்லறை மேட்டில் குள்ள மனிதர்களான ஹாபிட்டுகளுக்கு வாள் கிடைக்கும். படத்தில் வெதர்டாப் குன்றில் அவர்களோடு வரும் வீரன் அரகார்ன் கொடுத்துவிடுகிறார், ஓட்டை அடைபட்டது. என்ன, பின்னால் அந்த ஹாபிட்டுகளில் ஒருவனான மெர்ரியின் வாள், எதிரிப் படைத் தலைவனான சூனிய அரசனின் மந்திரத்தை உடைத்தது எதனால் என்ற காரணம் (அது கல்லறை வாள் என்பது) மட்டும் காணாமல் போனது. மேலே கருத்து எழுதிய ஒருவர் 'மூன்று பாகமாக எடுத்தால் எல்லாம் வந்துவிடும்' என்கிறார். 'ஹாபிட்' ஒரே நாவல்தான். மூன்று படம் ஆனதும், புத்தகத்திலேயே இல்லாத டவ்ரியல் என்ற பாத்திரத்துக்குக் காதல் கதைதான் வந்து சேர்ந்தது.