ஏஜென்சி சிஸ்டருக்குத் தானாகவே தெரிந்திருக்க வேண்டுமாம்

இரவு ஒன்றேகால் மணி. கேஷுவாலிட்டி வாசலில் ஒரு ஆம்னி வேன் வந்து நிற்கிறது. உள்ளே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர். வலது கணுக்காலில் பாம்புக்கடி. முழங்காலுக்குக் கீழே தாம்புக்கயிற்றால் இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். (கட்டாதீர்கள் என்று எத்தனை வருஷமாகச் சொல்கிறோம்!) கண்மாய்க்கரையில் மோட்டார் போடப் போன இடத்தில் மிதித்துவிட்டாராம். "விரியந்தான் சிஸ்டர், குக்கர் மாதிரி சீறுச்சு" என்கிறார் கூட வந்தவர். நான் ஏஜென்சி அனுப்பிய தற்காலிக நர்ஸாகக் காரைக்குடிப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு வந்து அன்றைக்கு ஆறாவது நாள். எனக்கு உடனே வேண்டியது ஒரே ஒரு பொருள். சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடி டெஸ்ட் டியூப்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கடிபட்டவரிடமிருந்து 2 மில்லி ரத்தம் எடுத்துக் கண்ணாடி டியூபில் விட்டு, 20 நிமிஷம் ஆட்டாமல் அசைக்காமல் வைக்க வேண்டும். அப்புறம் மெல்லச் சாய்த்துப் பார்த்தால் ரத்தம் கட்டியாகியிருக்க வேண்டும். தண்ணீராகவே ஓடினால் விரியன் விஷம் ரத்தத்தை உறையவிடாமல் வேலையைக் காட்டுகிறது என்று அர்த்தம். பிளாஸ்டிக் டியூபை நம்ப முடியாது, ரத்தத்தை உறையத் தூண்டுவது கண்ணாடிதான். சோப்புப் போட்டுக் கழுவிய டியூபும் ஆகாது. பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். ஒரு டியூபும் ஒரு கடிகாரமும் போதும்.

கடிகாரம் சுவரில் இருந்தது.

"இங்கதான் சிஸ்டர் இருக்கும்" என்றார் அட்டெண்டர் அண்ணன். இந்த "இங்கதான்" இருக்கிறதே, அதைக் கேட்டாலே இப்போதெல்லாம் எனக்குத் தலைக்கு ஏறிவிடுகிறது. எங்கேதான்? பழுப்பு அலமாரியைத் திறந்தால் பழைய கேஸ் ஷீட். டிரெஸ்ஸிங் ட்ராலியில் பஞ்சு. லேப் பூட்டியிருக்கிறது, டெக்னீஷியன் கூப்பிட்டால் வீட்டிலிருந்து வருவார். "சிஸ்டர், இன்னும் என்ன பண்றீங்க?" என்று டாக்டர் உள்ளேயிருந்து சத்தம் போடுகிறார். கடைசியில் ஊசி ஸ்டாக் அட்டைப்பெட்டிக்குப் பின்னால், ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் ஏழெட்டு கண்ணாடி டியூப் இருந்தன. ஹார்லிக்ஸ் பாட்டில்! மேலே லேபிள்கூடக் கிழிக்கவில்லை. ஏழு நிமிஷம் போயிற்று. இருபது நிமிஷ டெஸ்டுக்கு முன்னால் ஒரு ஏழு நிமிஷ டெஸ்ட், எனக்கு.

ரத்தம் உறையவில்லை. சரி, விஷமுறிவு மருந்து 10 வயல் (சின்ன மருந்து பாட்டில்). நல்லவேளை, அது எங்கே இருக்கிறது என்று முதல் நாளே நானாகத் தேடி வைத்திருந்தேன். பொடியாக இருக்கும், ஒவ்வொன்றிலும் 10 மில்லி தண்ணீர் விட்டுக் கரைக்க வேண்டும். அவசரம் என்று குலுக்கினால் நுரை கட்டிக்கொள்ளும். உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து, கொழுக்கட்டை மாவு உருட்டுவது மாதிரி பதமாக உருட்ட வேண்டும். பத்தையும் உருட்டி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. பக்கத்திலேயே அட்ரினலினை எடுத்து வைத்துக்கொண்டேன், மருந்தே சிலருக்கு ஒவ்வாமல் போகும். விடிகாலையில் அவரை மதுரைக்கு ஏற்றி அனுப்பினோம். பிழைத்துக்கொண்டார் என்று அட்டெண்டர் அண்ணன் பிற்பாடு சொன்னார்.

காலை ஏழரைக்கு இன்சார்ஜ் மேடம் வருகிறார். "டியூப் எங்க இருக்குன்னு தெரியாதா? ஏஜென்சி சிஸ்டர்னா எக்ஸ்பீரியன்ஸ் இருக்கும்னுதானே எடுக்குறோம்?"

மேடம், எக்ஸ்பீரியன்ஸ் இருந்ததால்தான் வயலைக் குலுக்காமல் உருட்டினேன். ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் நீங்கள் என்ன போட்டு வைத்திருக்கிறீர்கள் என்று சொல்ல எக்ஸ்பீரியன்ஸ் போதாது, ஜோசியம் தெரிந்திருக்க வேண்டும். இதை நேரில் சொல்லவில்லை. "சாரி மேடம்" என்றுதான் சொன்னேன். அதனால்தான் இங்கே கொட்டுகிறேன்.

என் பொழப்பு இதுதான். ஏஜென்சி அனுப்புகிற ஊருக்குப் போய் மூன்று மாசம், அப்புறம் வேறு ஊர். திருநெல்வேலி, திருப்பூர், இப்போது செட்டிநாடு. அமெரிக்காவில் இதற்கு ட்ராவல் நர்ஸ் என்று பெயர். பெரும்பாலும் 13 வார ஒப்பந்தம், தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் தனிப் படி. என்னோடு படித்தவள் அங்கே இருக்கிறாள். அவளுக்கும் முதல் வாரம் எந்தச் சாமான் எங்கே என்று தெரியாதாம், ஆனால் அதற்குச் சம்பளத்தில் ஈடுகட்டிவிடுகிறார்கள் என்று சிரிக்கிறாள். எனக்குக் கிடைத்த படி, ஹாஸ்டல் அறையில் நாலாவது கட்டில். ஃபேனுக்கு நேர் கீழே இல்லாத கட்டில்.

இங்கே எனக்கு ஓரியண்டேஷன் என்று கொடுத்தது அரை மணி நேரம். அதில் முக்கால்வாசி பயோமெட்ரிக்கில் போயிற்று. நாள் முழுக்க ஸ்பிரிட்டில் கைகழுவிக் கழுவி என் விரலில் ரேகையே சரியாக விழுவதில்லை. மீதி நேரத்தில் கேண்டீன், பாத்ரூம், செருப்பு விடுகிற இடம். க்ராஷ் கார்ட்டில் (அவசர மருந்துகள் வைக்கிற தள்ளுவண்டி) எந்த டிராயரில் எது? "போகப் போகத் தெரிஞ்சுக்குவீங்க." போகப் போக என்றால் யார் போகப் போக?

இன்னொரு ராத்திரி ஒரு ஆச்சி நெஞ்சுவலி என்று வந்தார்கள். எண்பது தாண்டியவர். ஊரே கொள்ளுகிற வீட்டில் அவரும் ஒரு வேலைக்காரம்மாவும் மட்டும், மகன் சிங்கப்பூரில். நெஞ்சுவலி என்று வந்தால் 10 நிமிஷத்துக்குள் இசிஜி எடுத்தாக வேண்டும். எடுக்கப் போனால் மெஷினில் பேப்பர் தீர்ந்திருக்கிறது. புது ரோல் எங்கே? "இங்கதான் சிஸ்டர்..."

நான் டிராயர் டிராயராக இழுத்து மூடுவதை ஆச்சி படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "என்னத்தா தேடுற?" என்றார்கள். பேப்பர் ஆச்சி என்றேன். "எங்க வீட்டுல எந்தப் பொட்டியில எத்தனை கரண்டின்னு நோட்டு இருக்கு. கண்ணை மூடிக்கிட்டு எடுப்பேன்." ரோல் கிடைத்து, இசிஜி எடுத்து, ரத்தமும் பார்த்தாயிற்று. இதயத்தில் ஒன்றுமில்லை, வாயுதான். போகும்போது "உம் பேரு என்னத்தா?" என்று கேட்டார்கள். இந்த ஆஸ்பத்திரிக்குள் என் பேரைக் கேட்ட முதல் ஆள். மற்ற எல்லோருக்கும் நான் "ஏஜென்சி".

ஆச்சி சொன்னதுதான் என்னைக் கொதிக்க வைத்தது. இந்தச் சீமையில் மகளுக்குக் கொடுக்கிற பாத்திரத்தில்கூட இனிஷியல் வெட்டிக் கொடுப்பார்கள். சாமானுக்கு ஒரு பட்டியல், மொய்க்கு ஒரு நோட்டு. மூன்று தலைமுறைக்கு முந்தைய குத்துவிளக்கு எந்த அறையில் என்று சொல்லிவிடுவார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில், உயிர் போகிற நேரத்தில் கையை விடுகிற டிராயரின் மேல் நாலு எழுத்து எழுதி ஒட்ட ஆளில்லை.

அதனால் நானே ஒட்டினேன். ஒரு நைட் டியூட்டியில் கேஸ் இல்லாத நேரமாகப் பார்த்து, மைக்ரோபோர் பிளாஸ்டரைக் கிழித்து மார்க்கரில் எழுதினேன். அட்ரினலின், அட்ரோபின். இசிஜி ரோல். கண்ணாடி டியூப் (ஹார்லிக்ஸ் பாட்டில்). நாலு முழம் பிளாஸ்டர் ஆகியிருக்கும். மறுநாள் டியூட்டிக்கு வந்தால் ஒன்றுகூட இல்லை. ஆடிட் வருகிறதாம், பிளாஸ்டர் ஒட்டினால் பார்க்க அசிங்கமாக இருக்கிறதாம். கூடவே, பிளாஸ்டர் ஸ்டாக்கில் ஒரு ரோல் குறைகிறது, எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள்.

போட்டேன். இன்னும் 19 நாள் இருக்கிறது. நேற்று ராத்திரி மறுபடியும் எழுதி, டிராயருக்கு உள்பக்கமாக ஒட்டியிருக்கிறேன்.