309-ஆவது பிரிவு இப்போது இல்லை

"தற்கொலைக்கு முயன்றவரைப் பற்றிப் போலீசுக்குச் சொன்னால் வழக்குப் போட்டு உள்ளே தள்ளிவிடுவார்கள், 999-ஐ அழைக்காதீர்கள்" என்று ஒருவர் நம் பேராக், சுங்கை சிப்புட் மக்களுக்குக் கூறியிருக்கும் அறிவுரை, பழைய சட்டத்தை வைத்து எழுதப்பட்டது. அம்முயற்சிக்கு ஓராண்டு வரை சிறை விதித்த மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவை நீக்கும் மசோதா 2023 மே மாதம் மக்களவையில் நிறைவேறி, அவ்வாண்டிலேயே நடைமுறைக்கும் வந்துவிட்டது.

மனநலக் கோளாற்றால் தமக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கக்கூடியவர் என நம்பக் காரணமிருந்தால், அவரைத் தடுத்து வைக்க 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு போலீசாருக்கு அதிகாரம் அளிப்பது மெய்தான். ஆயினும் அது தண்டிப்பதற்கான கைது அன்று, 24 மணி நேரத்துக்குள் அவரை மனநல மருத்துவமனையில் பரிசோதனைக்கு ஒப்படைப்பதற்கான ஏற்பாடு. (நமக்கு உலு கிந்தா பஹாகியா மனநல மருத்துவமனை தொலைவில் இல்லை, அது இருக்கும் ஊரின் பெயரால் "தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்" என்று கேலி பேசியே அதை அச்சத்துக்குரிய இடமாக்கி வைத்திருக்கிறோம்.)

சீர்திருத்தம் தேவைப்படுவது, என் பார்வையில், அந்த 24 மணி நேரத்தில்தான்: தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) நிலைகுலைந்து நிற்பவரை முதலில் அணுகுவது தமிழில் நிதானமாகப் பேசத் தெரிந்த ஒருவரா, கைவிலங்கா என்பதைச் சட்டப் பிரிவு மட்டும் தீர்மானிப்பதில்லை. உடனடி ஆபத்து இல்லாத வேளையில், சுகாதார அமைச்சின் 15555 என்ற ஆலோசனை எண்ணையும் அழைக்கலாம்.