கிராக் போட்ட விண்டோஸுக்கு ஆண்டிவைரஸ் எதற்கு?

நம்ம காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பழைய கம்ப்யூட்டரை ஃபார்மட்டுக்குக் கொடுத்தால், பல நேரம் திரும்பி வருவது கிராக் போட்ட (காசு கொடுத்து லைசென்ஸ் வாங்காமல் பூட்டை உடைத்த) விண்டோஸும் அதற்கு மேல் ஒரு வருட ஆண்டிவைரஸும்தான். இந்தப் பழக்கம் நிற்க வேண்டும். கிராக் ஃபைலை ஓட்டும்போது விண்டோஸின் சொந்த ஆண்டிவைரஸான டிஃபெண்டரை அணைக்கச் சொல்கிறார்கள், கம்ப்யூட்டரில் எதையும் மாற்றவிடும் அட்மின் அனுமதியும் கேட்கிறார்கள். அந்த ஃபைலுக்குள் வேறு என்ன இருக்கிறது என்பது அதைப் போட்டுக் கொடுத்தவருக்கே தெரியாது. அதற்கப்புறம் காசு கொடுத்து ஆண்டிவைரஸ் வாங்கி என்ன பயன்?

விண்டோஸ் 8-லிருந்தே டிஃபெண்டர் கூடவே வருகிறது. வீட்டுக்கும் சின்னக் கடைக்கும் அது தாராளமாகப் போதும். அப்டேட்தான் நிற்கக் கூடாது. 2017 மே மாதம் உலகத்தையே ஆட்டிய வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) நுழைந்த ஓட்டைக்கு, அதை அடைக்கும் அப்டேட்டான பேட்ச் மார்ச்சிலேயே வந்துவிட்டது. மாட்டியதில் பெரும்பகுதி அந்த பேட்சைப் போடாத விண்டோஸ் 7. விண்டோஸ் 10-க்கும் வழக்கமான ஆதரவு (அப்டேட்) 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது.

ஆப்பிளின் மேக்கிலும், விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச லினக்ஸிலும் வைரஸே வராது என்பதும் தப்பு. 2012-ல் ஃபிளாஷ்பேக் என்ற மால்வேர் ஆறு லட்சம் மேக்குகளுக்கு மேல் புகுந்தது. ஆனால் லினக்ஸில் மென்பொருளை அதன் சொந்தக் களஞ்சியத்திலிருந்தே எடுக்கிறோம், கண்ட தளத்தில் போய் இறக்குவதில்லை. பாதிப் பாதுகாப்பு அதிலேயே வந்துவிடுகிறது. அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் பாஸ் (BOSS) என்ற இந்திய லினக்ஸும் இருந்தது. நம் பிள்ளைகளுக்கு அதை யாரும் சரியாகச் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதுதான் வருத்தம்.

ஜெராக்ஸ் கடைக்குப் போய் வந்த பென்டிரைவைப் பாருங்கள். ஃபோல்டர் படத்தின் மூலையில் சின்ன அம்புக்குறி இருந்தால் அது ஃபோல்டர் இல்லை, ஷார்ட்கட். டபுள் கிளிக் பண்ணினால் வைரஸ் ஓடும். ப்ராஜெக்ட் ஃபைல் பெரும்பாலும் அழிந்திருக்காது, மறைத்துத்தான் வைக்கப்பட்டிருக்கும். சில நேரம் பெயரே இல்லாத ஃபோல்டருக்குள் கிடக்கும். அதே பென்டிரைவை லினக்ஸில் செருகுங்கள். விண்டோஸ் மறைத்ததெல்லாம் அங்கே சாதாரணமாகத் தெரியும், அந்த ஷார்ட்கட்டும் ஓடாது. டாக்குமென்ட்டை மட்டும் காப்பி எடுத்துக்கொண்டு பென்டிரைவை ஃபார்மட் பண்ணிவிடுங்கள்.

கடைக் கணக்கு டேலி மென்பொருளில் இருந்தால் லினக்ஸுக்குப் போவது சிரமம். விண்டோஸிலேயே இருங்கள், ஆனால் ஒரிஜினலாக இருக்கட்டும். தினசரி வேலைக்கு அட்மின் இல்லாத தனி அக்கவுண்ட் வையுங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் ரான்சம்வேர் புரொடெக்‌ஷனுக்குள் போய், அனுமதி இல்லாத புரோகிராம் ஃபோல்டரில் கைவைக்க விடாத கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸை ஆன் பண்ணுங்கள். அது தானாகவே ஆனாகி இருக்காது. டேலி டேட்டா இருக்கும் ஃபோல்டரை நீங்களே அதில் சேர்க்க வேண்டும், டேலிக்கும் அனுமதி கொடுக்க வேண்டும். இல்லையென்றால் என்ட்ரி சேவ் ஆகாமல் முழிப்பீர்கள்.

பேக்கப்புக்கு இரண்டு ஹார்டு டிஸ்க், வாரம் மாற்றி வாரம். காப்பி முடிந்ததும் கழற்றி பீரோவில் வையுங்கள். செருகியே கிடந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.