பாலைக் கன்று ஏன் கிடைப்பதில்லை?

சப்போட்டா ஒட்டுக்கன்று வாங்கியவர்கள் ஒட்டுக்குக் கீழே இருக்கும் தண்டைக் கவனித்திருக்க மாட்டார்கள். அது பெரும்பாலும் பாலை மரம். கோடியக்கரைக் காட்டில் கூரை போட்டது போல நிற்கிறதே, அதே பாலை. சப்போட்டாவுக்காக இதன் விதையை முளைக்க வைக்கிறோம். காடு வளர்க்க வேண்டும் என்று பாலைக் கன்று கேட்டால் மட்டும் நாற்றங்கால்காரர்கள் கைவிரிக்கிறார்கள். எனக்கு இது பெரிய ஆதங்கம்.

பாலை மெதுவாக வளரும் மரம். ஒட்டுக் கட்டுகிற பென்சில் கனத்துக்கு வரவே ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகும். மரம் நடும் திட்டங்களுக்கு அந்தப் பொறுமை இல்லை. பணம் வந்த வருடமே நட்டு, எண்ணிக்கை காட்டி, படமும் எடுத்தாக வேண்டும். அதனால் ஆள் உயரத்துக்குச் சட்டென்று வளரும் தூங்குமூஞ்சியும் மஞ்சள் பூ பூக்கும் பெல்டோபோரமும் போய் நிற்கின்றன. அவை நிழல் தரும், சரி. ஆனால் இந்தக் கடலோரக் காட்டின் மரங்கள் அல்ல.

வடகிழக்குப் பருவமழையை நம்பி, அப்புறம் வரும் நீண்ட வறட்சியிலும் இலை உதிர்க்காமல் பச்சையாகவே நிற்கும் மரம் இது. இலை தடிப்பாக, நுனியில் சின்னதாக ஒரு வெட்டு விழுந்தது போல இருக்கும். கிள்ளினால் பால் வரும். மஞ்சள் பழத்துக்குப் பறவைகளும் வௌவால்களும் வரும். வருகிறவை மற்ற மரங்களின் விதைகளையும் எச்சத்தோடு போட்டுவிட்டுப் போகும். வீரை, காசா போன்ற காட்டு மரங்கள் முளைக்க நிழலும் தயாராக இருக்கும். நாம் நடாத செடிகளும் வந்து சேர்ந்தால்தானே அது காடு?

வளர்ப்பதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. கோடையில் பழம் விழும்போது, கோயில் காடுகளில் மிஞ்சியிருக்கும் பல தாய் மரங்களின் அடியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுக்க வேண்டும். ஒரே மரத்தில் எல்லாவற்றையும் எடுத்தால் காடு முழுக்க ஒரே தாயின் பிள்ளைகளாகிவிடும். சதையைக் கழுவினால் பளபளவென்று பழுப்பு விதை வரும். அதைச் சேர்த்து வைக்காமல் சில நாட்களுக்குள் விதைத்துவிடுவது நல்லது. பை நீளமாக இருக்கட்டும். குட்டைப் பையில் ஆணிவேர் சுருண்டுவிட்டால் வறட்சியில் அந்தக் கன்று நிற்காது. முதலில் லேசான நிழல், பிறகு மெல்ல மெல்ல வெயிலுக்குப் பழக்கி, மழை தொடங்கியதும் நடலாம். ஆடு மாடு கடிக்காமல் வேலி கட்டாயம்.

திட்டம் போடுகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: நடும் வருடத்துக்கு இரண்டு வருடம் முன்பே நாற்றங்காலுக்குப் பணம் ஒதுக்குங்கள். வெயிலில் நின்று பாலைக் கன்றில் சப்போட்டா ஒட்டுக் கட்டிப் பழகிய தொழிலாளர்கள் இருக்கிறார்கள். வேலையை அவர்களிடமே கொடுங்கள்.